மாடு சுட்ட துரை யார்? பூட்டன் கதிர்காமத்தில் கண்டது லெனார்ட் வூல்ஃபையா?

சாம்பல்தீவான்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாக அலைகிறேன். இங்கே பழைய விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்டுப் பார்க்கிறேன்.

என் பூட்டனார், அதாவது அப்பாவின் அப்பப்பா, வாலிப வயதில் திருகோணமலையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போனவர். காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கரையோரமாகவே போய், கடைசியில் யால காட்டுக்குள்ளால் கதிர்காமம். கதை எனக்கு மாமி சொன்னது. மாமிக்கு இப்போது 84 வயது, சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூட்டனார் வாயாலேயே பல தடவை கேட்டவர்.

கதிர்காமத்தில் திருவிழா நேரம் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தாராம். மெலிந்த ஆள், இளம் வயது, அடியார்கள் தங்கியிருந்த இடமெல்லாம் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் இவர்களிடம் நின்று தமிழில் "எந்த ஊர்?" என்று கேட்டாராம். திருகோணமலை என்று சொன்னதும் எத்தனை பேர் வந்தீர்கள், யாருக்காவது வயிற்றோட்டம் இருக்கிறதா என்று விசாரித்தாராம். வெள்ளைக்காரன் வாயில் தமிழ் வந்ததைக் கேட்டுப் பூட்டனாருக்கு ஆச்சரியம். இது வரைக்கும் நல்ல கதை. இதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனதில் பதிந்த பகுதி வருகிறது. அதே துரை ஒரு எருமையைத் துவக்கால் சுட்டதைப் பூட்டனார் தன் கண்ணால் கண்டாராம். எருமைக்காரர் மண்ணில் விழுந்து அழுதாராம். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'மாடு சுட்ட துரை'. சோறு உண்ண அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு "மாடு சுட்ட துரை வாறார்" என்று சொல்லித்தான் எங்கள் ஆட்கள் தீத்துவார்கள், எனக்கும் அப்படித்தான் தீத்தினார்கள்.

தேடிப் பார்த்ததில் அம்பாந்தோட்டையில் லெனார்ட் வூல்ஃப் என்று ஒருவர் உதவி அரசாங்க அதிபராக (ஏ.ஜி.ஏ.) இருந்தது தெரியவந்தது. பிற்காலத்தில் எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவராகப் பெயர் எடுத்தவர். பூட்டனார் கண்டது இவராக இருக்குமா? அம்பாந்தோட்டை துரைக்குத் தமிழ் எப்படித் தெரியும்? மாட்டைச் சுடுவது ஒரு ஏ.ஜி.ஏ.யின் வேலையா? மாமி இருக்கும்போதே இதற்கு ஒரு விடை கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்பதுதான் என் ஆசை.

கச்சேரியடி:

தம்பி, நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்தப் பழைய சிவில் சேவைக்காரர்களின் கதைகளில் எனக்கு இளமையிலிருந்தே பைத்தியம். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழ். வூல்ஃப் இலங்கையில் முதன்முதல் வேலை பார்த்தது அம்பாந்தோட்டையில் இல்லை, யாழ்ப்பாணத்தில். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுச் சிவில் சேவைப் பரீட்சை எழுதினார், இந்தியாவுக்குப் போகிற அளவுக்குப் புள்ளி வரவில்லை, இலங்கை கிடைத்தது. 1904 டிசம்பரில் கொழும்பில் வந்து இறங்கும்போது வயது 24. பெட்டியோடு ஒரு நாயும் வால்டேரின் நூல்கள் 90 தொகுதியும் கொண்டு வந்தார். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர்ந்தார். அந்தக் காலத்தில் கேடட்டாக வருகிறவர் சட்டம், கணக்கு, பிறகு உள்ளூர் மொழி எல்லாவற்றிலும் பரீட்சை எழுதித் தேறினால்தான் மேலே போகலாம். யாழ்ப்பாணத்தில் போட்டதால் தமிழ் படித்தார். 1907 வரைக்கும் அங்கேதான், நடுவில் கொஞ்சக் காலம் மன்னாரில் பதில் உதவி அதிபர், 1906இல் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு மேற்பார்வை. முத்துக்குளிப்பில் அரபிகளும் தமிழர்களும் சோனகர்களும் கொண்டுவந்து கொட்டும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து இரண்டை அரசாங்கம் எடுக்கும், ஒன்று குளித்தவருக்கு. சிப்பி கொட்டுகிற அந்த அடைப்புக்குள் இரவு பகலாக நின்று பிரித்துக் கொடுத்தது இவருடைய வேலை. இரண்டரை வருடம் தமிழ்ச் சனத்துக்குள்ளேயே இருந்தவர் "எந்த ஊர்?" என்று கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

1907இல் கண்டிக்கு மாற்றம். அங்கே போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது பக்கத்தில் நின்று பார்க்கவேண்டியதும் அவருடைய கடமையில் சேர்ந்திருந்தது, அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. முன்னாள் பிரெஞ்சுப் பேரரசி யூஜினி கண்டிக்கு வந்தபோது தந்ததாதுவை, அதாவது புத்தரின் புனிதப் பல்லை, காட்ட ஏற்பாடு செய்து கொடுத்தது இவர்தான். பதில் ஆளுநராக இருந்த ஹியூ கிளிஃபர்டுக்கு அது பிடித்துப்போனது. 1908 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பினார்கள். அப்போது இவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை.

ஏ.ஜி.ஏ. என்றால் இன்றைய பிரதேச செயலாளர் மாதிரி என்று நினைக்கக்கூடாது. மாகாணத்துக்கு ஒரு அரசாங்க அதிபர், அவருக்குக் கீழே மாவட்டத்துக்கு ஒரு உதவி அதிபர். நம்முடைய கிழக்கு மாகாணத்தில் பெரிய துரை மட்டக்களப்பில், திருகோணமலையில் ஏ.ஜி.ஏ. அதேபோல அம்பாந்தோட்டை ஏ.ஜி.ஏ.க்குப் பெரிய துரை காலியில். காலி எங்கே, அம்பாந்தோட்டை எங்கே? அதனால் மாவட்டத்துக்குள் எல்லாமே இவர்தான். வரி, உப்பு, குளம், தெரு, பள்ளிக்கூடம், சேனை (காடு வெட்டிச் செய்யும் பயிர்ச்செய்கை) அனுமதி, அதோடு நீதவானும் இவரே. தானே குற்றம் கண்டு பிடித்து, தானே வழக்குக் கேட்டு, தானே தண்டம் போடலாம்.

இப்போது நாள் கணக்கு. 1908 ஓகஸ்ட் முதல் 1911 மே வரைதான் அவர் அங்கே இருந்தார். வந்து சேரும்போது அந்த வருடத் திருவிழா முடிந்துவிட்டது, போகும்போது அடுத்த திருவிழா வரவில்லை. அப்படியானால் அவர் இருந்த காலத்தில் வந்த கதிர்காமத் திருவிழா இரண்டே இரண்டு, 1909, 1910. கூட்டம் சேர்ந்தால் வாந்திபேதி பரவும் என்று அரசாங்கத்துக்குப் பெரிய பயம். அதற்காகத்தான் திருவிழாவுக்கு ஒரு அதிகாரியை மேற்பார்வைக்கு அனுப்பினார்கள், வூல்ஃபும் அப்படிப் போய்த் தங்கியிருக்கிறார். வயிற்றோட்டம் இருக்கிறதா என்று கேட்டார் பாருங்கள், உங்கள் பூட்டனார் கதையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அந்த ஒரு கேள்விதான். அது கதை கட்டுகிறவர் நினைத்துச் சேர்க்கக்கூடிய விஷயம் இல்லை.

தம்பலகாமத்தான்:

மாடு சுட்டது பற்றி நான் சொல்லலாம், பரம்பரையாக மாடு வைத்திருக்கிற குடும்பம்.

1909 கடைசியில் அம்பாந்தோட்டைப் பக்கம் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் தொடங்கியது. 1910 முழுக்க அதுதான் அந்த மாவட்டத்தின் பெரிய கவலை. மாட்டுக்குக் காய்ச்சல் வரும், கண்ணும் மூக்கும் ஒழுகும், வாய்க்குள் புண், பிறகு வயிற்றால் போய்ப் போய் ஒரு கிழமைக்குள் விழுந்துவிடும். மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட மாடு ஒன்று பட்டியில் சேர்ந்தால் பட்டியே போகும். ஊர்களுக்குத் தடுப்பூசி வராத காலம். கட்டி வை, ஒதுக்கி வை, நோய் கண்டதைக் கொல், அவ்வளவுதான் வழி. வூல்ஃப் அந்தச் சட்டத்தை ஈவு இரக்கம் பாராமல் நடத்தினார். கட்டாமல் விட்டவர்களுக்குத் தண்டம் போட்டார், நோய் கண்டு அலைந்ததைத் தன் கையாலேயே சுட்டார், சனம் சுற்றி நின்று முறைத்துக்கொண்டு நின்றதாம்.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த நோய் நம்முடைய பக்கமும் வந்தது. 1987இல் இந்திய அமைதிப்படையின் சாப்பாட்டுக்கு என்று கொண்டுவந்த ஆடுகளோடு சேர்ந்து வந்தது. பல பத்தாண்டுகளாக இல்லாத நோய், அதனால் கிழவர்களுக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. எனக்கு அப்போது 13 வயது. எங்களுக்கு வயலில் மிதிக்க விடுகிற எருமைகள் இருந்தன, அப்போதெல்லாம் உழவு மெஷினை விட எருமை மிதிப்புத்தான் எங்கள் பக்கத்துச் சேற்றுக்குச் சரி. ஒன்பது எருமையில் ஏழு போனது. கடைசியில் நின்ற இரண்டையும் அப்பா வேறு ஒரு தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, எங்களை அந்தப் பக்கம் போகவிடவே இல்லை, போனால் காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று. செத்ததைப் புதைக்கக் கிடங்கு வெட்டினோம். சண்டைக் காலம், இரவில் வெளியே போக ஏலாது, பகலிலேயே வெட்டிப் பகலிலேயே மூட வேண்டும். அப்பா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால் எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. அந்தத் துரை சுட்டது அறிவியலின்படி சரி. அவர் சுடாமல் விட்டிருந்தால் அந்த ஒரு எருமையால் நூறு எருமை செத்திருக்கும். ஆனால் மண்ணில் விழுந்து அழுத அந்த மனிதனுக்கு மாடு என்றால் உழவு, பால், கடன் வாங்க ஈடு, மகளின் சீதனம் எல்லாம் அதுதான். பக்கத்தில் இருந்து நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டுச் சுட்டிருக்கலாம். அல்லது அந்த மாட்டுக்கு ஒரு விலை கொடுத்திருக்கலாம். 2011இல் இந்த நோயை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட அன்று அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாம்பல்தீவான், நோய் 1909 கடைசியில் தொடங்கியது என்றால், உங்கள் பூட்டனார் திருவிழா முடிந்து வரும்போது சுட்டதைக் கண்டது 1910 ஆகத்தான் இருக்கவேண்டும். 1909 ஆடியில் நோயே இல்லை.

மூதூர் வாசகி:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

ஒன்று, வழி. பூட்டனார் உகந்தையால் போனார் என்றால் குமுக்கன் ஆறு கடந்து, யால காட்டுக்குள்ளால் கிழக்குப் பக்கமாகத்தான் கதிர்காமத்தில் ஏறியிருப்பார். அம்பாந்தோட்டையும் திஸ்ஸமகாராமையும் அவருக்கு வழியிலேயே இல்லை, கதிர்காமத்துக்குத் தெற்கே கிடக்கின்றன. மாட்டைச் சுட்டதை எங்கே வைத்துக் கண்டார்? வெருகலால் போகிற பாதயாத்திரைக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் வருடம் தவறாமல் மோர் ஊற்றுகிறோம், அந்தப் பாதையில் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒவ்வொரு தங்குமிடமும் பாடம். இதை மாமியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு, இந்தத் துரைமாரின் உத்தியோகத்தைப் பற்றிப் பேசும்போது ஏதோ தனி மனிதர் நல்லவரா கெட்டவரா என்பதிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறோம். அவர்கள் கையில் இருந்த சட்டத்தைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின்படி காடும் தரிசும் உறுதிப் பத்திரம் காட்டாவிட்டால் முடிக்குரிய காணி. 1897இல் தரிசு நிலச் சட்டம் வேறு வந்தது. பரம்பரையாகச் சேனை வெட்டியவன் அனுமதிச் சீட்டுக்குக் கச்சேரி வாசலில் போய் நிற்கவேண்டியதாயிற்று. 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டத்தின்படி 18 வயது முதல் 55 வயது வரை ஆண்கள் எல்லோரும் வருடத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் காசு கட்டவேண்டும். இதையெல்லாம் துரை நேரில் வந்து வாங்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் மணியகாரர், இங்கே கொட்டியாபுரத்திலும் தம்பலகாமத்திலும் கட்டுக்குளத்திலும் வன்னியனார், அவர்களுக்குக் கீழே உடையார், விதானை. ஊர்ச் சனத்துக்குத் தெரிந்த அரசாங்கம் அவர்கள்தான். வூல்ஃப் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் உழைத்தது இந்த இயந்திரம் நன்றாக ஓடுவதற்குத்தான். கச்சேரியடி ஐயா கோபிக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் அவர் மீது வந்த முறைப்பாட்டையும் சொல்லவேண்டும். பெரிய தெருவில் அரசாங்க அதிபரோடு குதிரையில் போகும்போது சவுக்கை நீட்டி எதையோ காட்டினார், அது தெருவில் போன ஒரு பிரபல வழக்கறிஞரின் முகத்தில் பட்டது, வேண்டுமென்றே அடித்தார் என்று யாழ்ப்பாணச் சங்கம் மேலிடத்துக்கு எழுதியது. அடிக்கவில்லை என்று வூல்ஃப் கடைசிவரை சொன்னார். நான் அவரை நம்புகிறேன். ஆனால் குதிரையில் இருந்து சவுக்கை நீட்டிச் சனத்துக்கு வழி காட்டுகிற ஒருவரைப் பார்த்துக் கீழே நிற்கிறவன் என்ன நினைப்பான்? சவுக்கு முகத்தில் பட்டதா படவில்லையா என்பதை விட, அப்படிப் பட்டிருக்கும் என்று ஊரே நம்பியதுதான் பெரிய விஷயம்.

கச்சேரியடி:

கோபம் என்ன தங்கச்சி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. வூல்ஃபும் பிறகு அதையேதான் சொன்னார். ஆள்கிற வேலையில் தனக்கு இருந்த சந்தேகம் முளைவிட்டது அந்தச் சவுக்கு முறைப்பாட்டோடுதான் என்று எழுதியிருக்கிறார். அடிக்கவில்லை, ஆனாலும் வேறு விதத்தில் நாங்கள் அடித்துக்கொண்டுதானே இருந்தோம் என்ற மாதிரி அவர் மனம் போயிருக்கிறது.

அவருடைய உத்தியோகம் ஏன் ஏழே வருடத்தில் முடிந்தது என்று பலர் கேட்பார்கள். காதல் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். 1911 மே மாதம் ஒரு வருட லீவில் இங்கிலாந்து போனார். வெர்ஜீனியா ஸ்டீபனைச் சந்தித்துக் கல்யாணம் கேட்டார், பதில் வரவில்லை. லீவை நீட்டித் தரச்சொல்லிக் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினார், காரணம் கேட்டார்கள், அது என் சொந்த விஷயம் என்று சொல்ல மறுத்தார். அவர்களும் விடவில்லை. 1912 மே மாதம் வேலையை விட்டார், ஓகஸ்ட் 10ஆம் திகதி கல்யாணம். ஆனால் வெர்ஜீனியா மறுத்திருந்தால் திரும்பி வந்து, பதவி உயர்வு எதுவும் வேண்டாம், அம்பாந்தோட்டையிலேயே என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்கத் தீர்மானித்திருந்தார். இதைத்தான் நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஆளுநர் மாளிகை வரைக்கும் போகக்கூடிய ஆள், அந்த ஏணியே வேண்டாம், அந்த ஊர் மட்டும் போதும் என்கிறார். அவருக்குப் பிடித்தது ஊரும் சனமும், பிடிக்காமல் போனது பதவி. ஆனால் பதவி இல்லாமல் அந்த ஊரில் அவருக்கு இடமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் டைக் துரை 1829 முதல் 1867 வரை அதிபராகவே இருந்து கோப்பாயில் செத்துப்போனார். டுவைனம் 1896இல் ஓய்வு பெற்ற பிறகும் நாடு திரும்பாமல் யாழ்ப்பாணத்திலேயே கடைசிவரை இருந்துவிட்டார். வூல்ஃப் கேடட்டாக வந்தபோது அந்தக் கிழவர் அங்கேதான் இருந்தார். இந்தச் சேவைக்குள் வந்தவர்களில் இப்படி ஊரோடு ஒட்டிப்போனவர்கள் ஒரு வகை.

ஓலைக்காரி:

ஏடுகளோடு வேலை செய்கிற ஆள் நான். ஊரோடு ஒட்டிப்போனவர் என்றால் நம்முடைய திருகோணமலைக்கு வந்த ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. ஹியூ நெவில். இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1869இல் சிவில் சேவைக்குள் வந்தார். வரி கணக்கை விட ஏட்டுச்சுவடிதான் அவருக்கு உயிர். சங்கு, சிப்பி, வேடர் வழக்கம், கல்வெட்டு எல்லாவற்றிலும் கை வைத்தார். 1885 முதல் மூன்று நான்கு வருடம் தப்ரபேனியன் என்று ஒரு ஆய்வுப் பத்திரிகையையே நடத்தினார். அவர் சேர்த்த சுவடிகள் 2,227. 1897இல் அவர் இறந்த பிறகு 1904இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. பெரும்பாலும் சிங்களம், ஆனால் தமிழும் இருக்கிறது. அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் கறையான் தின்றிருக்கும் என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது. எங்கள் ஊர் ஏட்டைப் பார்க்க நான் லண்டனுக்கு விசா எடுக்கவேண்டியிருக்கிறதே என்று இன்னொரு பக்கம் வயிறு எரிகிறது.

இதே சேவைக்குள் நம்மவர்களும் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் போட்டிப் பரீட்சையில் தேறி உள்ளே போன முதல் இலங்கையர். அவரும் கேம்பிரிட்ஜ்தான். பதிவாளர் நாயகமாக இருந்தார், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி எழுதிய அறிக்கையை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட அறிவாளிக்கும் மாகாண அதிபர் நாற்காலி கிடைக்கவில்லை. வூல்ஃப் அம்பாந்தோட்டையில் தனி ராஜாவாக இருந்த அதே நேரத்தில் அருணாசலம் சேவையின் கடைசி வருடங்களில் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வூல்ஃபின் உண்மையான இலங்கை வேலை அவர் வேலையை விட்ட பிறகுதான் தொடங்கியது என்பது என் கருத்து. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு இராணுவச் சட்டத்தில் நடந்த அநியாயங்களை எடுத்துச் சொல்ல லண்டனுக்குப் போன ஈ. டபிள்யூ. பெரேராவுக்கும் டி. பி. ஜயதிலகவுக்கும் பக்கத்தில் நின்றார். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் குடியேற்ற விஷய ஆலோசனைக் குழுவுக்குப் பல வருடம் செயலாளர். 1938இல் அந்தக் குழுவுக்கு எழுதிய குறிப்பில், இலங்கைக்குத் தன்னாட்சி கொடுக்கும்போது சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், அதிகாரத்தைப் பெரிய அளவில் பகிர்வது அல்லது சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு கூட்டாட்சி அமைப்பது பற்றி யோசிக்கவேண்டும் என்று எழுதினார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் ஒவ்வொரு சனத்தோடும் தனித்தனியாக இருந்து பார்த்தவருக்கு 1938இலேயே அது தெரிந்திருக்கிறது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சாம்பல்தீவானுக்கு ஒரு யோசனை. அந்தக் காலத்து ஏ.ஜி.ஏ.மார் எல்லோரும் உத்தியோக நாட்குறிப்பு எழுதவேண்டும், 1808இல் மெயிட்லண்ட் ஆளுநர் போட்ட கட்டளை. இன்று எங்கே போனேன், எந்தக் குளத்தைப் பார்த்தேன், யாருக்குத் தண்டம் போட்டேன் என்று நாள் நாளாக எழுதி அதிபருக்கு அனுப்பவேண்டும். வூல்ஃப் எழுதிய அம்பாந்தோட்டை நாட்குறிப்பு 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் புத்தகமாகவே அச்சாகியது, பெரிய நூலகங்களில் இருக்கும். 1910 ஜூலை மாதத்தை எடுத்துப் படியுங்கள்.

சாம்பல்தீவான்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றுப் பின்னேரம் மாமியிடம் போய் உங்கள் எல்லோருடைய எழுத்தையும் வாசித்துக் காட்டினேன். தம்பலகாமத்தான் எழுதியதை வாசிக்கும்போது மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூதூர் வாசகி கேட்ட வழிச் சந்தேகத்துக்கு மாமியிடம் பதில் இருந்தது. போகும்போதுதான் காட்டு வழி. கூடப் போன ஒரு கிழவிக்குக் கால் வீங்கி நடக்க ஏலாமல் போனதால் திரும்பும்போது காட்டு வழியை விட்டுவிட்டு, திஸ்ஸவால் அம்பாந்தோட்டைக்கு இறங்கி, அங்கே சில நாள் காத்திருந்து கப்பலில் வந்தார்களாம். பூட்டனார் தன் வாழ்நாளில் கப்பல் ஏறியது அந்த ஒரு தடவைதானாம். எருமையைச் சுட்டது அந்தத் திஸ்ஸ வழியில், வயல் கரையில். இது எனக்கே புதுச் செய்தி, இத்தனை வருடமும் யாரும் மாமியிடம் திரும்பிய வழியைக் கேட்கவே இல்லை.

அதோடு இன்னொன்றும் சொன்னார். யாத்திரைக்கு நாள் குறித்துவிட்டு இருக்கும்போது விடியற்காலையில் கடலுக்கு மேலே வால்வெள்ளி தெரிந்ததாம். பூட்டனாரின் தாயார் அதைக் கண்டு பயந்து, இது கூடாத குறி, இந்த வருடம் போகவே வேண்டாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினாராம். வால்வெள்ளி மறையும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, குறித்த நாளுக்குப் பிந்தித்தான் புறப்பட்டார்களாம். இதை வைத்து வருடம் சொல்லமுடியுமா?

கச்சேரியடி:

தம்பி, இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்! அது ஹேலி வால்வெள்ளி. 1910 ஏப்ரல் கடைசி முதல் மே நடு வரைக்கும் விடியற்காலையில் கிழக்கே தெரிந்தது, நம்முடைய கரையில் கிழக்கு என்றால் கடல்தானே. மே 20க்குப் பிறகு மாலையில் மேற்கே போய்விட்டது, விடியலில் தெரியாது. மறைந்த பிறகு புறப்பட்டார்கள் என்றால் மே கடைசி. இங்கிருந்து நடை ஒரு மாதத்துக்கு மேல், ஜூலைத் திருவிழாவுக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். கொள்ளைநோயும் 1910, வால்வெள்ளியும் 1910, வூல்ஃப் இருந்த கடைசித் திருவிழாவும் 1910. அம்பாந்தோட்டைக் கடற்கரையில் இருந்து அதே வால்வெள்ளியைப் பார்த்ததை வூல்ஃபும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாமியிடம் சொல்லுங்கள், பூட்டனார் கண்டது வூல்ஃபைத்தான், எனக்குச் சந்தேகம் இல்லை.

மாமிக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1960இல் வூல்ஃப் 79 வயதில் இலங்கையைத் திரும்பப் பார்க்க வந்தார். அவர் காலத்தில் ஊர்த் தலைமைக்காரராக இருந்த ஒரு முதியவர் அவரைத் தேடி வந்து, அந்த மாட்டு நோய்க் காலத்தில் கொடுத்த தண்டனை ஒன்றைச் சொல்லி, ஐயா, அது நியாயமா என்று முகத்துக்கு நேரே கேட்டார். ஐம்பது வருடம் மனதில் வைத்திருந்து கேட்டிருக்கிறார்.

சாம்பல்தீவான்:

மாமியிடம் இப்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 1960இல் பூட்டனார் உயிரோடுதான் இருந்தார், துரை வந்திருக்கிறார் என்று தெரிந்திருந்தால் அவரும் பஸ் ஏறிப் போயிருப்பார் என்றார். போய் என்ன கேட்டிருப்பார் மாமி என்று கேட்டேன். அந்த எருமைக்காரருக்குக் காசு கொடுத்தீர்களா என்று கேட்டிருப்பாராம்.